ஆற்றங்கரைச் சரளைப் பாதைகள் சைக்கிளுக்கே உரியன

காவிரிப் பாசன ஜில்லாக்களில் ஒரு கிராமத்திலிருந்து மற்றொரு கிராமத்திற்குச் செல்ல இருவகை வழிகள் உண்டு. ஒன்று, பஸ்ஸும் லாரியும் ஓடும் தார் ரஸ்தா. மற்றொன்று, ஆறுகள், கால்வாய்கள் இவற்றின் கரைமீது செல்லும் மண் பாதை அல்லது சரளைப் பாதை. முதல் வழியைப் பற்றிப் பேசுவோர் அநேகர். இரண்டாவது வழியைப் பற்றி, அதைத் தார் ரஸ்தாவாக மாற்றவேண்டும் என்று மனுச் செய்யும் சமயம் தவிர, எவரும் பேசக் காணோம். அவ்வாறு மாற்றுதல் கூடாது என்றும், அப்பாதைகளை நல்ல சரளையிட்டுச் செப்பனிட்டு, பாரவண்டிகள் நுழையாவண்ணம் தடுத்து, சைக்கிளுக்கும் கால்நடையாய்ச் செல்வோருக்கும் உரியனவாக வைத்துக்கொள்ளுதலே குடியானவர்களுக்கு நன்மை என்றும் நான் கருதுகிறேன். இது விவசாயப் பத்திரிகைக்கு ஏற்ற விஷயமா என்று சிலர் வினவக்கூடும். கரை நின்றால்தான் பயிர் நிற்கும். ஆகையால் இது விவசாய விஷயமே.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனத் தண்ணீர் பிரிகிறது. அவற்றினின்று குடமுருட்டி, வெட்டாறு, அரசலாறு, வீரசோழன், பாமணியாறு, கோரையாறு முதலிய பல கிளைகள் பிரிந்து கடல்வரை செல்கின்றன. ஒவ்வொன்றிற்கும் இரண்டு கரைகள் உண்டு. இக்கரைகள் ஏறக்குறையச் சமமட்டமாகச் செல்பவை. செங்குத்தான ஏற்றமில்லை, இறக்கமில்லை. தண்ணீர் எந்தச் சாய்வில் ஓடுகிறதோ அந்தச் சாய்விலேயே பாதையும் செல்கிறது. சைக்கிளுக்கு இதைவிடத் தக்க வழியை ஓர் இன்ஜினீயர் புதிதாக வகுக்க முனைந்தாலும் வகுக்க இயலாது. நம் முன்னோரும், 1934ஆம் வருஷம் முடிவடைந்த மேட்டூர்த் திட்டத்தின்போது கல்லணைக் கால்வாயை வெட்டினவர்களும், நமக்காக இவ்வழியை முன்கூட்டியே போட்டுவைத்திருக்கிறார்கள்.

இவ்வழியே நாள்தோறும் செல்வோர் யாவர் என்பதைக் கவனித்தல் வேண்டும். நடவுக்கும் களையெடுப்பிற்கும் போகும் பெண்கள், மடை திறக்கப் போகும் குடியானவர், பால் கொண்டுபோகிறவர், பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகள் ஆகிய இவர்களே. இப்பிள்ளைகளுள் பலர் ஏறிச் செல்வது சர்க்கார் கொடுத்த சைக்கிள். 2001-02ஆம் வருஷம் ஆதி திராவிட, பழங்குடி மாணவிகளுக்கென ஏற்பட்ட இலவச சைக்கிள் திட்டம், 2005-06இல் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பிற மாணவ மாணவிகளுக்கும் விரிவாயிற்று. சைக்கிளைக் கொடுத்த நாம், அதை அச்சமின்றி ஓட்டுவதற்குரிய வழியைக் கொடுத்தோமா என்பதே கேள்வி.

பெண்களுக்குச் சைக்கிள் என்ன செய்யும் என்பதற்கு வெகுதூரம் சென்று சாட்சி தேடவேண்டியதில்லை. கல்லணைக் கால்வாயின் கடைமடை எட்டும் புதுக்கோட்டை ஜில்லாவில், 1991-92இல் நடந்த அறிவொளி இயக்கத்தின்போது, அப்போது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றனர். பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் வேளை மிஞ்சியது. விளைபொருளைத் தாமே சந்தைக்குக் கொண்டுசெல்லும் துணிவு வந்தது. அவர்கள் அன்று ஓட்டக் கற்ற பாதைகளில் பெரும்பாலானவை மண்ணும் சரளையுமே.

கண்ணாற் கண்டது

தார் போட்டால் என்ன தீங்கு என்று கேட்போருக்கு நான் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். பயிர்களைப் பார்வையிடும் உத்தியோகத்தை முன்னிட்டு நான் பல வருஷங்களாகச் சென்றுவந்த ஒரு கால்வாய்க்கரை சில வருஷங்களுக்கு முன் தார் ரஸ்தாவாயிற்று. கிராமத்தார் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். முதல் ஆறு மாதம் சைக்கிள் எண்ணெயிட்டாற்போல் ஓடிற்று. பின்னர், பெரிய ரஸ்தாவைச் சுற்றிச் செல்வதைவிட இவ்வழி தூரம் குறைவு என்று கண்டுகொண்ட லாரிகள் கரைமேல் ஏறின. மணல் ஏற்றியவை, செங்கல் ஏற்றியவை, ஜல்லி ஏற்றியவை எனப் பலவும் வந்தன. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் வயலின் பள்ளம். லாரி எதிரில் வந்தால் சைக்கிள்காரர் ஒதுங்க இடமில்லை.

ஒரு மார்கழி மாத விடியற்காலையில், பனி மூட்டத்தில் பின்னால் வந்த லாரிக்கு ஒதுங்கப்போய், நான் வயற்புறச் சரிவில் உருண்டு முழங்கையை முறித்துக்கொண்டேன். அது பெரிதன்று, எலும்பு கூடிவிட்டது. அவ்வழியே பள்ளிக்குச் சென்ற ஏழெட்டுச் சிறுமிகளுக்கு நேர்ந்ததே பெரிது. அவர்களில் ஒருத்தியின் சைக்கிளை ஒரு லாரி உரசிச் சென்றது. பெண்ணுக்குக் காயம் அதிகமில்லை. ஆனால் அடுத்த வாரம் அவ்வழியில் ஒரு சிறுமியையும் காணோம். விசாரித்ததில், சிலர் பஸ்ஸுக்கு மாறினர் என்றும், இருவரைப் பெற்றோர் பள்ளியை விட்டே நிறுத்திவிட்டனர் என்றும் தெரிந்தது. ரஸ்தா நன்றாகிவிட்டதனால் படிப்பு நின்றது என்பதை எந்த ரிப்போர்ட்டிலும் ஒருவரும் எழுதுவதில்லை. ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் வருஷ மழையில் கரையின் உச்சியில் நீளவாக்கில் வெடிப்புக் கண்டது. மூன்றாம் வருஷம் ஓரிடத்தில் கரை அரை மீட்டர் அளவு உள்வாங்கியது. கோணிகளில் மணலை நிரப்பி இரவு முழுவதும் கிராமத்தார் காத்துநின்றனர். நல்ல வேளையாக உடைப்பு எடுக்கவில்லை. எடுத்திருந்தால், தூர் கட்டும் பருவத்திலிருந்த சம்பாப் பயிர் தண்ணீரில் முழுகி அழுகியிருக்கும்; வடிந்த பின்னும் மணல் மேடிட்ட வயலைச் சீராக்க இரண்டு போகம் கழிந்திருக்கும்.

கரையும் பாரமும்

கரை என்பது ரஸ்தாவிற்காகப் போடப்பட்டதன்று. தண்ணீரைத் தாங்குவதற்காகப் போடப்பட்டது. டெல்டாவின் மண் பெரும்பாலும் களிப்பு. அது நனைந்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதன்மீது பாரம் எவ்வாறு வேலை செய்யும் என்பதைப் பற்றி ஒரு பெரிய சோதனை உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் ஓட்டாவா என்னும் ஊரருகே 1958 முதல் 1960 வரை, சோதனைக்கென்றே ரஸ்தாக்கள் போட்டு அவற்றின்மேல் லாரிகளை இடைவிடாது ஓட்டிப் பார்த்தார்கள். ஓர் அச்சின் பாரம் இரட்டித்தால் ரஸ்தாவிற்கு உண்டாகும் சேதம் இருமடங்கன்று, ஏறக்குறைய 16 மடங்கு என்பது அதன் முடிவு. இக்கணக்கின்படி, அச்சுக்கு அரை டன் சுமக்கும் மோட்டார் காருக்கும், 10 டன் சுமக்கும் லாரிக்கும் பாரத்தில் வித்தியாசம் 20 மடங்கு; சேதத்தில் வித்தியாசம் 1,60,000 மடங்கு. இக்கணக்கு மண் கரைக்கு அப்படியே பொருந்துமென்று நான் சொல்ல வரவில்லை. போக்கை அறிய இது போதும். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 100 கிலோகிராமுக்கு உட்பட்ட பாரமே. நாள் ஒன்றுக்கு ஆயிரம் சைக்கிள் சென்றாலும் கரைக்கு ஒரு தீங்கும் நேராது.

தீங்கு நேராமை மாத்திரமன்று, நன்மையும் உண்டு. கரை உடைவது பெரும்பாலும் எங்கே தொடங்குகிறது? எலி வளையிலும் நண்டு வளையிலும். அவ்வளை வழியே நீர் கசிந்து, மண்ணைச் சிறிது சிறிதாக அரித்து வெளியேற்றி, ஒரு நாள் மடைபோல் திறந்துகொள்ளும். கசிவைத் தொடக்கத்தில் கண்டால் ஒரு கூடை களிமண்ணும் ஒரு மண்வெட்டியும் போதும். இதைக் காண்பதற்காகவே கரைக்காவலும் லஸ்கர்களும் ஏற்பட்டனர். இவர்கள் எத்தனை மைல் நடக்க முடியும்? சைக்கிளில் மெதுவாகச் செல்லும் குடியானவர் ஒவ்வொருவரும் சம்பளமில்லாக் கரைக்காவலர். லாரியின் உயரத்திலிருந்தும் வேகத்திலிருந்தும் நண்டு வளை தென்படாது.

எனது தொழிலிலும் இதுவே அனுபவம். கரையின் உயரத்தில் சைக்கிளில் செல்லும்போது இருபுறத்து வயல்களும் விரித்த பாய்போல் தெரிகின்றன. எந்த வயலில் பயிர் வெளுத்திருக்கிறது, எங்கே இலைச்சுருட்டுப் புழுவின் வெள்ளைக் கோடுகள் கண்டிருக்கின்றன, எங்கே புகையான் தாக்கி வட்டமாகக் கருகியிருக்கிறது என்பவை நிற்காமலே தெரியும். தெரிந்த இடத்தில் காலை ஊன்றி நின்றால், வயலில் நிற்பவரை அங்கிருந்தே கூப்பிட்டுப் பேசலாம். ஜீப்பில் சென்று பத்துக் கிராமங்களைப் பார்த்ததாக எழுதுவதைவிட, சைக்கிளில் சென்று மூன்று கிராமங்களை உண்மையில் பார்ப்பது நலம்.

பாதை போடும் முறை

சரளைப் பாதை என்றால் குண்டும் குழியுமான பாதை என்று எண்ணவேண்டாம். ஒழுங்காகப் போட்ட சரளை, சைக்கிளுக்கு மிக இணக்கமானது. மேல்நாடுகளில் இக்காலத்தில் சரளைப் பாதைக்கென்றே சைக்கிள் செய்து விற்கிறார்கள். அதன் டயர் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலம். நம் நாட்டுக் குடியானவர் ஓட்டும் பழைய மாதிரிக் கறுப்புச் சைக்கிளின் டயர் 28க்கு ஒன்றரை அங்குலம். அதுவும் ஏறக்குறைய அதே அகலந்தான்.

வல்லம் மேட்டுப் பகுதியிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் செஞ்சரளை கிடைக்கிறது. பருங்கல், மணல், பிடிப்புக்குச் சிறிது களிமண் ஆகிய மூன்றும் அளவாகக் கலந்திருத்தல் வேண்டும். களி மிகுந்தால் மழையில் சேறாகும்; குறைந்தால் கோடையில் உதிர்ந்து சக்கரம் சறுக்கும். கல் ஓர் அங்குலத்திற்கு மேற்பட்டிருத்தல் கூடாது. 3 மீட்டர் அகலமும், இறுகிய பின் 15 சென்டிமீட்டர் கனமும் இருக்கும்படி போட்டால், கிலோமீட்டர் ஒன்றிற்கு 450 கன மீட்டர் சரளை ஆகும். நீர் தெளித்து உருளை ஓட்டி இறுக்குதல் அவசியம். கொட்டிப் பரப்பிவிட்டுப் போய்விடுதல் வேலையன்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது சாய்வு. சரளைக்குச் சத்துரு தேங்கும் தண்ணீர். நூற்றுக்கு 4 பங்கு சாய்வு கொடுத்தால், 3 மீட்டர் அகலத்தில் ஓர் ஓரத்திற்கும் மற்றோர் ஓரத்திற்கும் 12 சென்டிமீட்டர் தாழ்வு உண்டாகும். இச்சாய்வு வயற்புறமாக இருக்கவேண்டும். கால்வாய்ப் புறமாக இருந்தால் மழைநீர் உட்சரிவை அரித்து மண்ணைக் கால்வாயில் தள்ளும். வெளிச்சரிவில் அருகையும் வெட்டிவேரையும் வளர்த்தால் அப்புறமும் அரிப்பு இராது.

வெளிச்சரிவின் அடியில் புங்கன், நீர்மருது, நாவல், இலுப்பை ஆகிய மரங்களையும், இடையிடையே கிளைரிசிடியாவையும் நடலாம். நிழல் சைக்கிளில் செல்வோருக்கு. புங்கந் தழையும் கிளைரிசிடியாத் தழையும் நடவு வயலுக்கு. 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் கீழ்த் தாலூகாக்களில் வீழ்ந்த மரங்களுக்கு ஈடு செய்ய இதுவும் ஒரு வழி. சீமைக் கருவேலை மாத்திரம் வேரோடு களைதல் வேண்டும். அதன் முள் ஒன்று போதும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் டயரைப் பஞ்சராக்குவதற்கு.

ஆட்சேபங்களுக்குச் சமாதானம்

முதல் ஆட்சேபம், நெல்லை எவ்வாறு கொள்முதல் நிலையத்திற்கு எடுத்துச் செல்வது, அறுவடை இயந்திரம் எவ்வாறு வயலுக்கு வருவது என்பது. இது நியாயமான ஆட்சேபமே. கரை ஒன்றன்று, இரண்டு. தார் ரஸ்தாவிற்கு அண்மையிலுள்ள கரையைத் தக்கவாறு பலப்படுத்திப் பாரவண்டிக்கு விடலாம். மற்றக் கரையைச் சைக்கிளுக்கு வைக்கலாம். ஒரே கரையில்தான் பாதை என்றால், நுழைவாயிலில் கல்லும் பூட்டுச் சங்கிலியும் அமைத்து, சாவியைப் பஞ்சாயத்தில் வைத்து, அறுவடைக் காலத்தில் அவ்வூர் நெல்லுக்கு மாத்திரம் திறந்துவிடலாம். நோயாளிகளை ஏற்றும் ஆம்புலன்ஸுக்கு எந்நேரமும் திறக்கவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நான் தடுக்கச் சொல்வது ஊருக்கு வரும் வண்டியையன்று. ஊரைக் குறுக்குவழியாக்கிக்கொள்ளும் வண்டியை.

இரண்டாவது, இக்காலத்தில் குடியானவர் வீடுகளிலும் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டதே என்பது. உண்மைதான். தன் வயலுக்குத் தீவனக் கட்டோடு போகும் குடியானவரைத் தடுப்பது முறையன்று, தடுக்கவும் இயலாது. ஆனால் கரைமேல் செல்வோர் எவரும் கால்நடையாய் வருபவருக்கும் சைக்கிளுக்கும் வழிவிட்டு மெதுவாகச் செல்லவேண்டும் என்று கிராமசபையில் தீர்மானிக்கலாம். ஊரார் தீர்மானித்ததை ஊரார் மீறுவது அரிது.

மூன்றாவது, தார் ரஸ்தாவாயிருந்தால் நெல்லும் உளுந்தும் காயப்போட உதவுமே என்பது. காயப்போடுகிறார்கள் என்பதை நானும் அறிவேன். அதனால் தானியத்தில் கல்லும் தூசும் கலப்பதையும், இரவில் தானியக் குவியலின்மேல் மோதி விழுவோரையும் அறிவேன். களமில்லாத குறைக்குக் களம் கட்டுவதே பரிகாரம். கரையைக் களமாக்குவது பரிகாரமன்று.

நான்காவது ஆட்சேபத்தை வாய்விட்டுச் சொல்வோர் குறைவு; மனத்தில் வைத்திருப்போர் அதிகம். அது, சைக்கிள் ஏழைகளின் வாகனம், அதற்கென்று பாதை வைப்பது பின்னோக்கிச் செல்வதாகும் என்பது. இதற்கு வேறொரு தேசத்து வரலாற்றைச் சமாதானமாகக் கூறுகிறேன். அமெரிக்காவில் பொட்டோமாக் நதிப் பள்ளத்தாக்கில், வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை 184½ மைல் நீளத்திற்கு ஷெசபீக்-ஒஹையோ கால்வாய் என ஒன்று உண்டு. 1828இல் தொடங்கி 1850இல் முடித்த கால்வாய் அது. கோவேறு கழுதைகள் படகுகளை இழுத்துச் சென்ற மண் பாதை அதன் கரைமேல் உள்ளது. 1924ஆம் வருஷத்து வெள்ளத்தின் பின் படகுப் போக்குவரத்து நின்றது. பிற்காலத்தில், அக்கரையில் மோட்டார் ரஸ்தா போடவேண்டும் என்று பெரிய மனிதர்கள் ஆலோசித்தனர். அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதை ஆட்சேபித்து, ஆதரித்து எழுதிய பத்திரிகையாசிரியரைத் தம்முடன் வந்து அக்கரையை நடந்து பார்க்குமாறு அழைத்தார். 1954 மார்ச்சு மாதத்தில் புறப்பட்டவர்களுள் ஒன்பது பேர் முழுத் தூரமும் நடந்து முடித்தனர். ரஸ்தா ஆலோசனை கைவிடப்பட்டது. 1971இல் அக்கால்வாய் தேசியப் பூங்காவாயிற்று. இன்று மோட்டார் வண்டியில்லா அந்த மண்-சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே வெகுதூரத்திலிருந்து ஜனங்கள் வருகின்றனர். வழியிலுள்ள சிற்றூர்களுக்கு அவர்களால் வரும்படியும் உண்டு. மோட்டார் மலிந்த தேசமே கரையைச் சைக்கிளுக்கு விட்டுவைத்தது என்றால், அதைப் பின்னோக்கிய செயல் என்று நாம் எவ்வாறு கூறலாம்?

செய்யவேண்டியவை

கல்லணைக் கால்வாய் ஏறத்தாழ 149 கிலோமீட்டர் நீளமுள்ளது; இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதனால் பாசனம் பெறுகிறது. அதைப் புதுப்பிக்கும் திட்டத்திற்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. கரையைத் திருத்தும் காலமே கரையின் உச்சி எதற்கு என்று முடிவு செய்யும் காலம். வேலை முடிந்தபின் மனுப் போடுவதில் பயனில்லை.

அதற்காக எல்லாக் கரைகளுக்கும் ஒரே நாளில் உத்தரவு வரவேண்டும் என்று நான் காத்திருக்கச் சொல்லவில்லை. ஒரு கிராமத்திலிருந்து அதன் உயர்நிலைப் பள்ளிவரை உள்ள ஐந்தாறு கிலோமீட்டர் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அதற்கு முன் வாய்க்கால் வறண்டிருக்கும் மாசி முதல் வைகாசி வரையுள்ள மாதங்களே மராமத்துக்கு உரிய காலம். 2017இல் சர்க்கார் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது, பாசனதாரர்கள் ஒன்றுகூடினால் எவ்வளவு ஆகும் என்பதைப் பல ஊர்கள் கண்டன. அவ்வூக்கத்தை இதிலும் காட்டலாம். முதலில் நீர்ப்பாசன அதிகாரிகளிடம் அனுமதி பெறுக, பின் முள்ளைக் களைக, வளைகளை அடைக்க, சாய்வு பார்த்துச் சரளையிடுக, இரு முனையிலும் கல் நடுக. அடுத்த ஐப்பசி மழையில் அக்கரையையும், தார் போட்ட கரை ஒன்றையும் நீங்களே சென்று பார்த்து ஒப்பிடுங்கள்.

நான் சொன்ன அக்கால்வாய்க்கரையிலும் சென்ற வருஷம் ஊரார் கூடி, உள்வாங்கிய இடத்தைச் சீர் செய்ததோடு, எதிர்க்கரையைச் சரளையிட்டு இரண்டு கல் நட்டிருக்கிறார்கள். ஊரில் இதற்கு இன்னும் முணுமுணுப்பு உண்டு. ஆயினும் சென்ற கார்த்திகையில் நான் அவ்வழியே சென்றபோது, மழை விட்ட சற்று நேரத்தில், நான்கு சிறுமிகள் எனக்கு எதிரே பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டே சைக்கிளில் வந்தனர். ஒருவரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.